துண்டு மரம் காத்த பட்டறை

மாலை நேரத்தில் ஒரு தச்சுப் பட்டறைக்குள் நுழைந்து பாருங்கள். தரை முழுவதும் மரமாகவே இருக்கும். இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாக விழுந்த சீவல் ஒரு பக்கம். வாள் பற்களிலிருந்து உதிர்ந்த தூள் ஒரு பக்கம். மூலையில் துண்டுக் கட்டைகளின் குவியல். கதவுச் சட்டம் அறுத்தபோது மீந்த ஒரு சாண் நீளத் துண்டு, மேசைப் பலகையின் ஓரத்திலிருந்து கழித்த பட்டை, அளவு தவறி அறுத்ததால் பயன்படாமற் போன ஒரு கால் என்று எல்லாம் அதில் இருக்கும். காட்டில் வெட்டிய மரம் பலகையாகிச் சாமானாக முடிவதற்குள் அதில் ஏறத்தாழப் பாதி கழிவாகப் போய்விடுகிறது.

சீவலும் தூளும் அடுப்புக்குப் போகும். ஆனால் துண்டுக் கட்டைகளை எந்தத் தச்சரும் எளிதில் எறிய மாட்டார். 'எதற்காவது ஆகும்' என்று சுவரோரம் அடுக்கி வைப்பார்.

அந்த 'எதற்காவது' என்பது எது? வேலை நிறைந்த காலத்தில் இக்கேள்வி எழுவதில்லை. வேலை நின்றுபோன காலத்தில்தான் எழுகிறது. 1932ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டின் சிற்றூர் ஒன்றில் ஒரு தச்சர் இக்கேள்விக்கு விடை காண வேண்டியவரானார். வீடு கட்டுவோர் இல்லை. நாற்காலி வாங்குவோர் இல்லை. பட்டறையில் மரம் மட்டும் இருந்தது. அந்த மரத்திலிருந்து அவர் மடக்கேணியும் துணி தேய்க்கும் பலகையும் முக்காலியும் செய்தார். பிறகு பொம்மை செய்தார். இன்று உலகெங்கும் குழந்தைகள் அடுக்கி விளையாடும் லெகோ கட்டைகள் அந்தப் பட்டறையிலிருந்து வந்தவையே. கட்டைகளின் கதையைப் பலரும் அறிவர். அதற்கு முந்திய துணி தேய்க்கும் பலகையின் கதையை இங்கே காண்போம்.

மணற்பாங்கான நிலத்தில் ஒரு பட்டறை

டென்மார்க்கின் பெரும் நிலப்பகுதி ஜட்லாந்து தீபகற்பம். அதன் நடுப்பகுதி மணற்பாங்கானது, வளம் குறைந்தது. அங்கே உள்ள பில்லுண்டு என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில வீடுகளும் பண்ணைகளும் மட்டுமே கொண்ட ஊர். ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் 1891ஆம் ஆண்டில் இப்பகுதியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோது ஆடு மேய்த்தார். பின்னர்த் தம் அண்ணனிடம் தச்சுத் தொழில் பயின்றார். ஜெர்மனியிலும் நார்வேயிலும் சில ஆண்டுகள் வேலை செய்தார். நார்வேயில்தான் தம் மனைவி ஹன்சினாவைக் கண்டார்.

1916ஆம் ஆண்டில் ஊர் திரும்பிப் பில்லுண்டில் விலைக்கு வந்த ஒரு தச்சுப் பட்டறையை வாங்கினார். சுற்றுவட்டாரக் குடியானவர்களுக்கு வீடும் பண்ணைக் கட்டடமும் கட்டித் தருவது, கதவு சன்னல் செய்வது, குளிர்காலத்தில் வெளிவேலை நின்றதும் மேசை நாற்காலி செய்வது என்று தொழில் நடந்தது.

1924ஆம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகன்கள் இருவர், ஐந்து வயதும் மூன்று வயதும் ஆனவர்கள், பட்டறைக்குள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மரத்தை ஒட்டுவதற்கான வச்சிரத்தைச் சூடாக்குவதற்காக நெருப்பு மூட்டினார்கள். அருகில் சீவல் கிடந்தது. சற்று நேரத்தில் பட்டறையும் வீடும் எரிந்து சாம்பலாயின.

மரக்கழிவின் இயல்பு ஒன்றை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. ஒரு கிலோ எடையுள்ள கட்டையைத் தீக்குச்சியால் கொளுத்த முடியாது. அதே ஒரு கிலோ மரத்தைச் சீவலாக்கினால் ஒரே குச்சியில் பற்றிக்கொள்ளும். மரம் மாறவில்லை, காற்றுப் படும் பரப்பு பலமடங்கு பெருகிவிட்டது. மெல்லிய சீவல் விரைவில் சூடேறுகிறது. சூடேறியதும் எரியும் வாயுக்களை வெளியிடுகிறது. சுற்றிலும் காற்று இருப்பதால் உடனே தீப்பிடிக்கிறது. அன்றாடம் பட்டறையைப் பெருக்கும் வழக்கம் அழகுக்காக மட்டும் ஏற்பட்டதன்று.

கிறிஸ்டியான்சன் மனம் தளரவில்லை. கடன் பெற்றுப் பெரிய வீடும் பட்டறையும் கட்டினார். வாயிலில் இரு சிங்க உருவங்கள் காவல் நிற்கும் அந்த வீடு பில்லுண்டில் இன்றும் இருக்கிறது.

வேலை நின்றது

1929ஆம் ஆண்டு இறுதியில் நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. பில்லுண்டுக்கும் நியூயார்க்குக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். டென்மார்க் குடியானவர்கள் வெண்ணெயையும் பன்றி இறைச்சியையும் வெளிநாடுகளுக்கு, முக்கியமாக பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும், விற்று வாழ்ந்தவர்கள். அந்நாடுகளில் வாங்குவோர் கையில் பணம் குறைந்ததும் விலைகள் சரிந்தன. கையில் பணமில்லாத குடியானவர் புதுத் தொழுவம் கட்டுவாரா? கட்டுவோர் இல்லாவிட்டால் தச்சருக்கு வேலை ஏது? 1932ஆம் ஆண்டில் டென்மார்க்கில் வேலையின்மைக் காப்பீட்டில் சேர்ந்திருந்த தொழிலாளரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வேலையின்றி இருந்தார்.

கிறிஸ்டியான்சன் தம் வேலையாட்களை ஒவ்வொருவராக நிறுத்த வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் அவருடைய மனைவி ஹன்சினா இறந்தார். நான்கு ஆண் குழந்தைகள். மூத்தவனுக்குப் பதினைந்து வயது, கடைக்குட்டிக்கு ஆறு வயது. வீட்டின் மேல் கடன் இருந்தது.

பெரிய வேலை கேட்டு வருவோர் இல்லை. ஆனால் கடுமையான காலத்திலும் மனிதருக்கு வேண்டியிருக்கும் சிறு பொருள்கள் சில உண்டு. பழைய ஏணி உடைந்தால் ஒரு மடக்கேணி வேண்டும். துணி தேய்க்க ஒரு பலகை வேண்டும். பால் கறக்கவும் அடுப்பருகே உட்காரவும் ஒரு முக்காலி வேண்டும். கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டுக்குள் மரத்தை நிறுத்தி வைக்க ஒரு தாங்கி வேண்டும். இவற்றில் எதற்கும் பெரிய பலகையோ பெரும் பணமோ தேவையில்லை. வீடு கட்ட இயலாதவரும் முக்காலி வாங்க இயலும். கிறிஸ்டியான்சன் இச்சிறு பொருள்களின் பக்கம் திரும்பினார்.

துண்டு மரத்தின் இயல்பு

துண்டு மரத்தில் சாமான் செய்வதென்றால் இரண்டாந்தர வேலை என்று நாம் எண்ணுகிறோம். மரத்தின் அமைப்பைச் சற்றே ஆராய்ந்தால் அது முற்றிலும் சரியன்று என்பது விளங்கும்.

மரம் என்பது நீளவாட்டில் அடுக்கப்பட்ட நுண்ணிய குழாய்களின் கட்டு. உயிருள்ள மரத்தில் இக்குழாய்களிலும் அவற்றின் சுவர்களிலும் நீர் நிறைந்திருக்கிறது. மரத்தை வெட்டி உலர வைத்தால் முதலில் குழாய்களுக்குள் உள்ள நீர் போகிறது. அப்போது மரத்தின் அளவு மாறுவதில்லை. ஈரப்பதம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் சுவர்களில் உள்ள நீர் வெளியேறத் தொடங்குகிறது. அப்போதுதான் மரம் சுருங்குகிறது.

எல்லாத் திசையிலும் அது ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. டென்மார்க் காடுகளில் மிகுதியாக வளரும் பீச் மரத்தை எடுத்துக்கொள்வோம். பச்சை மரம் முற்றிலும் உலரும்போது நீளவாட்டில் சுருங்குவது ஒரு சதவீதத்திலும் சிறு பகுதியே. மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் ஏறத்தாழ 6 சதவீதம் சுருங்குகிறது. ஆண்டு வளையங்களின் போக்கில் ஏறத்தாழ 12 சதவீதம் சுருங்குகிறது. இந்த ஏற்றத்தாழ்வினால்தான் பலகை வளைகிறது, முறுக்கிக்கொள்கிறது, வெடிக்கிறது.

உலர்ந்த பிறகும் மரம் ஓய்வதில்லை. மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது. வறண்ட காலத்தில் சுருங்குகிறது. 30 சென்டிமீட்டர் அகலமுள்ள பீச் பலகை, ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால், அகலத்தில் சுமார் 5 மில்லிமீட்டர் வரை மாறக்கூடும். மழைக்காலத்தில் கதவு இறுகிக்கொள்வது இதனால்தான். அதே மரத்தில் 5 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு துண்டு அதே ஈரமாற்றத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே அசையும். சிறு துண்டில் மாற்றமும் சிறிது. இணைப்பு தளர்வதும் குறைவு.

இன்னொரு நன்மையும் உண்டு. பெரிய பலகையில் ஒரு கணு இருந்தால் பலகையே பழுது. துண்டு மரத்தில் கணுவை அறுத்து எறிந்துவிட்டு இருபுறமும் உள்ள நல்ல மரத்தைப் பயன்படுத்தலாம். வலிமையிலும் குட்டையான துண்டுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. இரு முனைகளில் தாங்கப்பட்ட சட்டத்தின் நடுவில் ஒரு பாரம் வைத்தால் அது எவ்வளவு வளைகிறது என்பது நீளத்தின் கனத்தைப் பொறுத்தது. நீளம் பாதியானால் வளைவு எட்டில் ஒரு பங்காகிறது. ஆகவேதான் கைப்பிடி அளவு கனமுள்ள ஒரு படி ஏணியில் ஓர் ஆளைத் தாங்குகிறது.

ஆனால் இடர்ப்பாடுகளும் உண்டு. மடக்கேணியின் படிகளைத் துண்டுகளிலிருந்து எடுக்கலாம். பக்கக் கால்களை எடுக்க முடியாது, அவற்றுக்கு நீள மரம் வேண்டும். துண்டின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் சாமானின் நீளம் அமைய வேண்டும். ரேகைக்குக் குறுக்கே எடுத்த முக்காலிக் கால் ஒரு தட்டில் பிளந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, சிறு சாமானில் மரம் குறைவு, வேலை மிகுதி. ஒரு கதவில் உள்ள மரத்தின் எடைக்கு எத்தனையோ முக்காலிகள் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு முக்காலிக்கும் தனித்தனியே காலும் துளையும் கூர்முனையும் செய்தாக வேண்டும். துண்டு மரம் இலவசமாகக் கிடைத்தாலும் அதைச் சாமானாக்கும் நேரம் இலவசமன்று. 1932ஆம் ஆண்டில் கிறிஸ்டியான்சனிடம் மிகுதியாக இருந்தது நேரம் ஒன்றுதான்.

மாதிரியிலிருந்து பொம்மைக்கு

ஏணியையும் துணி தேய்க்கும் பலகையையும் பெரிதாகச் செய்வதற்கு முன் கிறிஸ்டியான்சன் அவற்றைச் சிறு மாதிரிகளாகச் செய்து பார்த்தார் என்று சொல்லப்படுகிறது. மடிப்பு சரியாக விழுகிறதா, கால் ஆடாமல் நிற்கிறதா என்று மாதிரியில் பார்த்துக்கொண்டால் பெரிய மரம் வீணாகாது. இம்மாதிரிகளுக்கு மிகச் சிறிய துண்டுகளே போதும். குவியலின் அடியில் கிடக்கும், முக்காலிக்கும் ஆகாத துண்டுகள் இப்போது ஆகின. குழந்தைகள் இம்மாதிரிகளை எடுத்து விளையாடத் தொடங்கினார்கள். ஆகவே, அவர் கார், விமானம், விலங்கு என்று மரப் பொம்மைகளும் செய்து மற்றச் சாமான்களோடு வைத்தார்.

1932ஆம் ஆண்டு கோடையில் பிரெடெரீசியா நகரத்து மொத்த வணிகர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். பொம்மைகளைப் பார்த்து வரும் கிறிஸ்துமஸுக்கு அவற்றைச் செய்து தரும்படி சொன்னார். பட்டறையில் மறுபடியும் வாள் ஓசை கேட்டது. ஆனால் பொம்மைகள் முடியும் முன் அந்த வணிகர் நொடித்துப்போனார். செய்த பொம்மைகளை கிறிஸ்டியான்சன் தாமே வண்டியில் ஏற்றிச் சென்று ஊர் ஊராக விற்றார். சில குடியானவர்கள் காசுக்குப் பதிலாக உணவுப் பொருள் தந்தார்கள். ஒருமுறை பாக்கிக்கு ஈடாக வாதுமைப் பருப்பு வந்து சேர்ந்ததாம். காசு வரவில்லை; குழந்தைகளுக்கு உணவு வந்தது.

கடன் நெருக்கியபோது அவர் தம் உடன்பிறந்தாரிடம் உதவி கேட்டார். அவர்கள் 3,000 குரோனருக்கு வழி செய்தார்கள். ஆனால் இதைவிடப் பயனுள்ள வேலை ஒன்றும் உனக்குக் கிடைக்கவில்லையா என்று அவர்களில் ஒருவர் கேட்டதாகச் சொல்வார்கள். கேட்டது நியாயமே. கைதேர்ந்த ஒரு கட்டடத் தச்சர், நாற்பது வயதுக்கு மேல், பொம்மை செய்து பிழைப்பேன் என்றால் யார்தான் நம்புவார்?

அக்காலத்தில் டென்மார்க்கில் யோயோ என்னும் விளையாட்டுக் கருவி பெரும் மோகத்தைக் கிளப்பியது. இரு மர வட்டுகளை நடுவில் ஒரு சிறு அச்சால் இணைத்து, அச்சில் கயிறு சுற்றிக் கீழே விட்டால் அது உருண்டு இறங்கி மறுபடியும் மேலே ஏறும். விழும்போது நிலை ஆற்றல் சுழலும் ஆற்றலாக மாறுவதும், அச்சுழற்சியே அதைத் திரும்பக் கயிற்றில் ஏற்றுவதுமே அதன் தத்துவம். எல்லாக் கடைகளும் யோயோ கேட்டன. பட்டறையில் இராப்பகலாக யோயோ கடைந்தார்கள். பிறகு ஒரு நாள் மோகம் தீர்ந்தது. கேட்பாரற்ற யோயோக்கள் குவிந்து கிடந்தன.

வேறொருவர் அவற்றை அடுப்பில் போட்டிருப்பார். கிறிஸ்டியான்சன் ஒவ்வொரு யோயோவையும் நடுவில் இரண்டாக அறுத்தார். இரண்டு வட்டமான, நடுமையம் பிசகாத, வழவழப்பான சக்கரங்கள் கிடைத்தன. அச்சக்கரங்களைப் பூட்டிப் பொம்மைச் சரக்கு வண்டிகள் செய்தார். சக்கரம் கடைவதுதான் பொம்மை வண்டியில் கடினமான வேலை; அது ஏற்கெனவே முடிந்திருந்தது. இங்கே மீந்தது மரம் மட்டுமன்று. மரத்துக்குள் செலுத்தப்பட்ட உழைப்பும் மீந்திருந்தது. அதை வீணாக்காத வடிவம் எது என்று அவர் தேடிக் கண்டார்.

மீதம் தீர்ந்தபின்

இங்கே ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். துண்டு மரம் எங்கிருந்து வருகிறது? பெரிய வேலையிலிருந்து வருகிறது. வீடும் மேசையும் செய்யும் வரையில்தான் துண்டுகள் சேரும். பெரிய வேலை நின்றுவிட்டால் குவியல் ஒரு நாள் தீர்ந்துபோகும். மீந்த மரம் ஒரு பட்டறைக்குச் சில காலம் உயிர் கொடுக்கலாம்; என்றென்றும் சோறு போட முடியாது.

கிறிஸ்டியான்சனின் பட்டறையும் இந்த இடத்துக்கு வந்தது. பொம்மைக்கும் வீட்டுச் சாமானுக்கும் கேட்போர் வரத் தொடங்கியதும் அவற்றுக்கென்றே மரம் வாங்க வேண்டியதாயிற்று. அவர் பீச் மரத்தைத் தேர்ந்தார். பீச் கனமான மரம். ஒரு கனமீட்டர் சுமார் 700 கிலோ எடை இருக்கும். ரேகை நெருக்கமானது, சீரானது. மணமோ சுவையோ இல்லாததால் சமையற்கட்டுக் கரண்டிக்கும் குழந்தை வாயில் வைக்கும் பொம்மைக்கும் ஏற்றது. மழையில் கிடந்தால் விரைவில் உளுத்துவிடும். வீட்டுக்குள் இருந்தால் நெடுநாள் உழைக்கும். ஆனால் நாம் மேலே கண்டபடி, ஈரத்துக்குத் தக்கவாறு மிகுதியாக அசையும் மரமும் அதுவே. ஆகவே, அறுத்த மரத்தை முதலில் காற்றில் நெடுநாள் உலர்த்தினார்கள். பிறகு சூட்டறையில் வைத்து மீதி ஈரத்தையும் எடுத்தார்கள். ஈரமுள்ள மரத்தில் பூசிய வண்ணம் மரம் சுருங்கும்போது வெடித்து உதிரும். பொம்மையின் நிறம் நிலைப்பது வண்ணத்தை மட்டும் பொறுத்ததன்று. அடியிலுள்ள மரத்தின் வறட்சியையும் பொறுத்தது.

துண்டு மரம் கற்றுத்தந்த பழக்கங்களை அவர் புது மரத்திலும் விடவில்லை. சிறு சாமானில் பிழையை மறைக்க இடமில்லை. பெரிய அலமாரியில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கண்ணுக்குத் தெரியாது. கையடக்கப் பொம்மை வண்டியில் சக்கரம் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் வண்டி ஓடாது.

1934ஆம் ஆண்டில் பட்டறைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. நல்ல பெயர் சொல்வோருக்குத் தாமே வீட்டில் செய்த ஒரு புட்டி பழமது பரிசு என்று வேலையாட்களிடம் அறிவித்தார். கடைசியில் அவர் எண்ணிய பெயரே நிலைத்தது. 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரு டேனிஷ் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'லெகோ' என்று வைத்தார்.

மூன்றாவது பூச்சு

1935ஆம் ஆண்டில் அப்பட்டறை ஒரு மர வாத்தை விற்பனைக்கு விட்டது. கயிற்றைப் பிடித்து இழுத்தால் சக்கரம் சுழலும். சக்கரத்தின் அச்சோடு இணைந்த பொறியால் வாத்தின் அலகு திறந்து மூடும். அவருடைய மூன்றாவது மகன் கோட்பிரெட் பன்னிரண்டு வயதிலிருந்தே பட்டறையில் வேலை செய்துவந்தார். 1924ஆம் ஆண்டில் சீவலில் தீ வைத்த சிறுவர்களில் ஒருவர் அவரே.

ஒரு நாள் கோட்பிரெட், வாத்துகள் நிறைந்த பெட்டிகளை ரயில் நிலையத்தில் சேர்த்துவிட்டு மகிழ்ச்சியோடு வந்தார். தந்தையிடம், இன்று பட்டறைக்குக் கொஞ்சம் பணம் மிச்சப்படுத்திவிட்டேன் என்றார். எப்படி என்று தந்தை கேட்டார். வழக்கமாக மூன்று முறை வார்னிஷ் பூசுவோம், இந்தத் தடவை இரண்டு முறையோடு நிறுத்திவிட்டேன் என்று மகன் சொன்னார். தந்தை பாராட்டவில்லை. உடனே நிலையத்துக்குப் போய்ப் பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து, மூன்றாவது பூச்சும் பூசி, மறுபடியும் கட்டி அனுப்பச் சொன்னார். இரவு முழுதும் ஆனாலும் தனியாகவே செய்ய வேண்டும் என்றார். இந்நிகழ்ச்சியைக் கோட்பிரெட் பிற்காலத்தில் பலமுறை நினைவு கூர்ந்திருக்கிறார். மிகச் சிறந்தது என்பதும் அளவுக்கு மிஞ்சியதன்று என்னும் கருத்துடைய வாசகத்தை அவர் தாமே மரத்தில் செதுக்கிப் பட்டறைச் சுவரில் மாட்டினார்.

மூன்றாவது பூச்சு வெறும் பிடிவாதமா? அன்று. வார்னிஷ் மரத்தின் மேல் ஒரு மெல்லிய தோலாகப் படிகிறது. முதற் பூச்சு பெரும்பாலும் மரத்துக்குள் ஊறிவிடும். அதனால் நிமிர்ந்து நிற்கும் நுண்ணிய நார்களை உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். இரண்டாவது பூச்சு மேடுபள்ளங்களை நிரப்புகிறது. மூன்றாவதுதான் தேய்மானத்துக்கும் ஈரத்துக்கும் ஈடுகொடுக்கும் தோல். குழந்தையின் ஈரக்கையிலும் தரையிலும் உருளும் வாத்துக்கு அந்தக் கடைசித் தோல் இல்லாவிட்டால் சில மாதங்களில் நீர் உட்புகும், மரம் விரியும், வண்ணம் உதிரும். வாங்கும்போது இரண்டு பூச்சுக்கும் மூன்று பூச்சுக்கும் வேறுபாடு தெரியாது. தெரியும்போது வாத்து வாங்கியவர் வீட்டில் இருக்கும்.

மரத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு

1940ஆம் ஆண்டில் ஜெர்மன் படை டென்மார்க்கைக் கைப்பற்றியது. 1942 மார்ச்சில் பில்லுண்டுப் பட்டறை மறுபடியும் எரிந்தது. வரைபடங்களும் மாதிரிகளும் அழிந்தன. ஐம்பது வயதைக் கடந்த கிறிஸ்டியான்சன் மறுபடியும் கட்டினார். இம்முறை பொம்மைகளை வரிசை வரிசையாகச் செய்வதற்கென்றே அமைந்த தொழிற்சாலையாகக் கட்டினார்.

போர் முடிந்த பிறகு அவர் பிளாஸ்டிக் வார்ப்புப் பொறி ஒன்றை சுமார் 30,000 குரோனர் கொடுத்து வாங்கினார். அது 1947ஆம் ஆண்டு இறுதியில் பில்லுண்டுக்கு வந்து சேர்ந்தது. பிளாஸ்டிக் குருணையை உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி, ஆறியதும் எடுப்பது இப்பொறியின் வேலை. தச்சர் ஒருவர் இதில் என்ன கண்டிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். மரவேலையில் ஒரு பொருளைச் செய்வதென்றால் வேண்டாததைக் கழிப்பதாகும். கழித்தது திரும்ப மரமாகாது. வார்ப்பில் வேண்டிய அளவு மட்டுமே அச்சுக்குள் போகிறது. அச்சின் வழித்துளையில் உறைந்து நிற்கும் மீதியையும் அரைத்து மறுபடியும் உருக்கலாம். துண்டுக் கட்டைகளோடு பல ஆண்டுகள் போராடியவர்க்கு இது சிறிய செய்தியன்று.

பிரிட்டனில் ஹிலரி பேஜ் என்பவர் ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகளை முன்பே செய்திருந்தார். அவற்றைப் பார்த்து மாற்றியமைத்த கட்டைகளை 1949ஆம் ஆண்டில் லெகோ விற்பனைக்கு விட்டது. அவை செல்லுலோஸ் அசிடேட் என்னும் பொருளால் ஆனவை. செல்லுலோஸ் என்பது தாவர நாரின் முதன்மைப் பொருள்; மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி அதுவே. ஆகவே முதற்கட்டைகள் மரத்தை முற்றிலும் கைவிடவில்லை எனலாம். மரத்தின் குறையும் கூடவே வந்தது. அப்பொருள் ஈரத்தை உறிஞ்சி நாளடைவில் வடிவம் பிசகியது. ஏ.பி.எஸ். என்னும் உறுதியான பிளாஸ்டிக்குக்கு 1963ஆம் ஆண்டில் மாறிய பிறகே இக்குறை தீர்ந்தது.

உட்புறம் குழாய்கள் கொண்டு இறுகப் பிடிக்கும் இற்றைநாள் கட்டைக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரப்பட்டது. அதே ஆண்டு மார்ச் 11 அன்று ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் காலமானார். 1960 பிப்ரவரியில் மரப் பொம்மைகள் இருந்த கிடங்கு எரிந்தது. அதன்பின் கோட்பிரெட் மரப் பொம்மைத் தொழிலைத் தொடர வேண்டாம் என்று முடிவு செய்தார். மரத்தையே நம்பித் தொடங்கிய தொழிலில் மரத்தின் பங்கு அத்துடன் முடிந்தது.

குவியலிடமிருந்து கற்பது

இவ்வரலாற்றைத் துண்டு மரத்திலிருந்து செல்வம் பிறந்த கதையாகச் சொல்வது எளிது. அது உண்மையாகாது. 1932ஆம் ஆண்டில் டென்மார்க்கில் எத்தனையோ பட்டறைகளில் துண்டு மரம் கிடந்திருக்கும்; எத்தனையோ தச்சர்கள் முக்காலி செய்திருப்பார்கள். பில்லுண்டுத் தச்சருக்கும் மரம் சில காலமே துணை நின்றது. மற்றவை அவர் செய்த தேர்வுகள். வாங்குவோர் கையில் இருக்கும் காசுக்குத் தக்க பொருளைத் தேர்ந்தார். கையில் இருக்கும் துண்டுக்குத் தக்க வடிவத்தைத் தேடினார். மீந்த மரத்தில் செய்வதுதானே என்று வேலையைக் குறைக்கவில்லை.

மாணவர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். தச்சுப் பட்டறையில் கேட்டு ஒரு துண்டுக் கட்டை வாங்கி வாருங்கள். முதலில் அதன் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். முனையில் தெரியும் வளையங்களின் வளைவைப் பாருங்கள். கணு இருக்கும் இடத்தைக் குறியுங்கள். அகலத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து ஏட்டில் எழுதி வைத்து, மழைக்காலத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் மறுபடி அளந்து பாருங்கள். இவ்வளவும் தெரிந்த பின், இத்துண்டில் என்ன செய்யலாம் என்று எண்ணுங்கள். சாவி மாட்டும் பலகையா, பேனா வைக்கும் தாங்கியா, தங்கைக்கு ஒரு வண்டியா என்பது ஓரளவு உங்கள் விருப்பம். ஓரளவு அம்மரத்தின் விருப்பம். எதைச் செய்தாலும் மூன்றாவது பூச்சை மறவாதீர்கள்.